கரம்பொன் அக்காவின் கார்

"ஓம்" என்ற சொல்லை நான் வெறுக்கத் தொடங்கியது எங்கள் தீவில், கரம்பொனில் தனியே வாழ்ந்த ஓர் அக்காவால்தான். அதற்கு முன்னர் எல்லோரையும் போல நானும் அதை நல்ல சொல் என்றே நினைத்திருந்தேன்.

அக்கா யாருக்கும் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஓம் என்பார். சிரித்த முகத்தோடு சொல்வார், தேத்தண்ணீர் கொடுத்துச் சொல்வார். பிறகு அந்தக் காரியம் நடக்காது. ஏன் நடக்கவில்லை என்று போய்க் கேட்டால் நம்மைவிட அவரே அதிகம் கவலைப்படுவார். அதற்கு மேல் என்ன கேட்பது?

கோயில்காரர் தேர் வீதியை அகலப்படுத்த அவருடைய வளவின் ஓரத்தில் ஒரு துண்டு நிலம் கேட்டார்கள். "ஓம், சுவாமிக்குத்தானே, தாராளமாய் எடுங்கோ. காணி உறுதியை ஒருக்காத் தேடி எடுக்கவேணும்" என்றார். உறுதியைத் தேடத் தொடங்கிய பிறகு கோயில் சபைக்கு மூன்று தலைவர்கள் மாறிவிட்டார்கள். இன்றைக்கும் தேர் அந்த மூலையில் வேலியை உரசிக்கொண்டுதான் திரும்புகிறது. இளம் வயதில் இறுப்பிட்டியிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அதற்கும் ஓம். அவர்கள் வரவிருந்த நாளில் அக்காவுக்குக் கன்னம் இரண்டும் வீங்கிக் கூகைக்கட்டு. நாளை மாற்றினார்கள். மறுபடியும் கூகைக்கட்டு. அந்த வருத்தம் ஒருவருக்கு ஒருமுறைதான் வரும் என்பார்கள். அக்காவுக்கு மூன்று முறை வந்தது. மூன்றாம் முறையோடு இறுப்பிட்டிக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தக் கதைகளெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே போய் மாட்டிக்கொண்டவனை என்ன சொல்வது?

நான் ஊர்காவற்றுறையில் மெக்கானிக். வள்ளத்து என்ஜின், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின், இரண்டு சில்லு உழவு இயந்திரம் என்று தீவில் புகை விடுகிற எல்லாமே கடைசியில் என் கடை வாசலுக்குத்தான் வரும். கை வைத்தால் முடிக்காமல் எழும்ப மாட்டான் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அக்காவின் காரைத் தெரியாதவர்கள் தீவில் இல்லை. இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையைக் கழற்றி வைக்கக்கூடிய, நிலத்தோடு ஒட்டிப் போகிற இங்கிலாந்துக் கார். அவருடைய அண்ணை தெற்கே ஒரு பட்டினத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்த காலத்தில், நாட்டைவிட்டுப் போன ஒரு தோட்டத்துரையிடம் வாங்கியது. கலவரத்தோடு கடை போயிற்று. அண்ணை காரைக் கரம்பொனுக்கு அனுப்பிவிட்டுக் கனடாவுக்குப் போனார். பிறகு போரில் தீவே இடம்பெயர்ந்தது. அக்கா திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலைகூட மிஞ்சவில்லை. கார் மட்டும் மாட்டுக் கொட்டிலில், பனையோலைக் குவியலுக்குள், அவர் மூடிவிட்டுப் போன மாதிரியே கிடந்ததாம். அதன் உடல் தகரமல்ல, எங்கள் மீன்பிடி வள்ளங்களைப் போல பைபர். உப்புக்காற்று அதைத் தின்னவில்லை. தபாற்கந்தோர்ச் சம்பளத்தில் வருடத்துக்கு ஒரு சாமானாக வாங்கிப் போட்டு அக்கா அதை ஓடப் பண்ணினார்.

மணிக்கு இருபதுக்கு மேல் ஓட்ட மாட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் முந்திக்கொண்டு போவார்கள். பக்கத்து இருக்கையில் குடை இருக்கும். பின்னேரங்களில் வேலணைக்குப் போவார், அல்லைப்பிட்டி வரை போவார், சில நாட்களில் எங்கள் துறைமுகத்தடிக்கு வந்து, காரைநகருக்குப் படகு புறப்படுவதைப் பார்த்துவிட்டு இறங்காமலே திரும்புவார். "எங்கை அக்கா போறியள்?" என்று யாராவது கேட்டால் "ஓம்" என்று கை காட்டிவிட்டுப் போய்விடுவார். அறுபத்தாறு வயதுப் பெண், ஒருவரையும் கேட்காமல், ஒருவருக்கும் காரணம் சொல்லாமல் வெளிக்கிட முடிந்தது அந்தக் கார் ஒன்றால்தான். இது எனக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று இப்போது சொன்னால் அது பொய்.

ஒரு நாள் கனடாவிலிருந்து அந்த அண்ணை எனக்கு ரெலிபோன் எடுத்தார். கார் இன்னும் அவர் பெயரில்தான் இருந்தது.

"தம்பி, காரை விக்கப் போறன். கொழும்பிலை ஒரு ஆள் பழைய கார் சேர்க்கிறவர். வாற மாதம் வந்து பாத்து, தானே ஓட்டிக்கொண்டு போறாராம். முன் லைற் ரெண்டும் எழும்பவேணுமாம். எழும்பாட்டி வேண்டாமாம். முந்தி ஒருக்கா உப்பிடி ஒண்டை வாங்கி லைற்றோடை மாரடிச்சவராம்."

"அக்காவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தங்கச்சி ஓம் எண்டிட்டாள்."

அந்த இடத்தில் நான் ரெலிபோனைக் கீழே வைத்திருக்க வேண்டும். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டு, குத்துது குடையுது என்று அழுதவன் கதைதான் பிறகு நடந்தது.

அந்தக் காரின் முன் லைற்றுகள் பகலில் மூடிக்கொண்டு படுத்திருக்கும். சுவிச்சை இழுத்தால் இரண்டும் எழும்பி நிற்கவேண்டும். எழுப்புவதற்கு மோட்டார் கிடையாது. என்ஜின் ஓடும்போது காற்றை உள்ளே இழுக்கிறதே, அந்த இழுப்பை ரப்பர்க் குழாய் வழியாகக் கொண்டுவந்து, காரின் முன்பக்க இரும்புச் சட்டத்தின் பொள்ளலுக்குள் சேமித்து வைக்கிறார்கள். அங்கிருந்து அது ஒவ்வொரு லைற்றுக்கும் பின்னாலுள்ள சின்னத் தகரப் பேணிக்குப் போகும். பேணிக்குள் ஒரு ரப்பர்த் தோல். இழுப்பு வந்தால் தோல் உள்ளே போகும், அதோடு பூட்டிய கம்பி லைற்றைத் தூக்கும். வழியில் எங்காவது ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் இழுப்பெல்லாம் அதில் வீணாகிவிடும். இதை யோசித்தவன் வெள்ளைக்காரன். திருத்த வேண்டியவன் நான்.

முதல் நாள் சுகமாகத்தான் இருந்தது. குழாய்கள் எல்லாம் பழசாகி வெடித்திருந்தன. யாழ்ப்பாணம் போய்ப் புதுக் குழாய் வாங்கி வந்து போட்டேன். என்ஜினை ஓடவிட்டுச் சுவிச்சை இழுத்தேன். எத்தனையோ வருடமாகப் படுத்திருந்த இரண்டு லைற்றும் எழும்பின.

"வடிவாய் எழும்புது" என்றார் அக்கா. எனக்குத் தேத்தண்ணீரும் பனங்கட்டியும் தந்தார்.

மறுநாள் காலை அவரிடமிருந்து ரெலிபோன் வந்தது. "தம்பி, எழும்பேல்லை."

"நேற்று எழும்பினதே அக்கா."

"ஓம். நேற்று எழும்பினது."

போனேன். எழும்பவில்லைத்தான். இங்கேதான் நான் ஒரு மடைவேலை செய்தேன். எங்கள் தீவில் ஓட்டை பார்க்க எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்றுதான். குழாயைக் கழற்றி, ஒரு முனையைப் பொத்தி, மறு முனையால் காற்றை ஊதி, தண்ணீர் வாளிக்குள் அமத்துவது. குமிழி வருகிற இடத்தில் ஓட்டை. சைக்கிள் ரியூப்புக்கும் அதுதான், தோட்டத்துக் குழாய்க்கும் அதுதான். நானும் ஒவ்வொரு குழாயாகக் கழற்றி, ஊதி, அமத்திப் பார்த்தேன். ஒரு குமிழியும் இல்லை. திரும்பப் பூட்டினேன், லைற் எழும்பியது. என்ன பிழை என்று தெரியாமலே வீட்டுக்குப் போனேன். மறுநாள் திரும்ப ரெலிபோன்.

பிழை குழாயில் இல்லை, இணைப்பில். குழாயைக் கழற்றும்போதே இணைப்பிலிருந்த பிழையையும் நானே கழற்றிவிடுகிறேன், பூட்டும்போது நானே இறுக்கிவிடுகிறேன். இந்தச் சின்ன விஷயம் மண்டையில் ஏற எனக்கு நாலு நாள் எடுத்தது. நாலு நாளும் அக்காவின் முற்றத்தில் வாளியோடு குந்தியிருந்தேன். கன்னம் வலிக்க ஊதினேன். தேத்தண்ணீர்க் கடையில் கதை பரவிவிட்டது. "என்ன, இண்டைக்கும் காருக்கு முழுக்காட்டோ?" என்று கேட்டார்கள். நான் சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

இணைப்புகளை இறுக்கியும் அடுத்த கிழமை லைற் திரும்பப் படுத்துவிட்டது. எரிச்சலில் ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, ஓடுகிற என்ஜினைப் பார்த்தபடி நின்றேன்.

"பெற்றோலுக்குப் பக்கத்திலை சுருட்டோ தம்பி?" என்றார் அக்கா.

அது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தநேரம் பார்த்து, நேரே மேலே போய்க்கொண்டிருந்த புகை வளைந்து, இடது பக்கத்துக் குழாயை நோக்கி ஓடி, உள்ளே போய் மறைந்தது. ஊதிப் பார்க்கிற சாமான் இல்லை இது, இழுக்கிற சாமான். ஓட்டை காற்றை விடாது, எடுக்கும். அதுவரை என் தலையில் இருந்தது களிமண்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். போட்டு ஒரு கிழமை ஆகாத குழாயில் ஓர் ஓட்டை. ரப்பர் தானாக வெடித்தால் கீறல் கோணலாக நீண்டு போகும். இது வட்டம். தையல் ஊசியின் கனம்.

"இது என்னண்டு வந்தது அக்கா?"

"எலியாய் இருக்கும்."

"எலிக்கு ஊசி இருக்கோ?"

"ஓம்" என்றார்.

அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். பாதி விளங்கியது. மீதியை விளங்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. குழாயை மாற்றிவிட்டுப் போனேன். பிறகு இணைப்பு வளையம் இளகியிருந்தது. பிறகு இரும்புச் சட்டத்தின் அடியிலிருந்த அடைப்பாணி அரைவாசி கழன்றிருந்தது. ஒவ்வொரு முறையும் சுருட்டுப் புகையால் கண்டுபிடித்தேன், ஒவ்வொரு முறையும் திருத்தினேன், ஒவ்வொரு முறையும் அக்கா "நல்லது தம்பி" என்றார். சுருட்டுக் குடித்தே எனக்கு இருமல் பிடித்துவிட்டது. கடையில் மூன்று வள்ளத்து என்ஜின்கள் கிடந்தன, ஆட்கள் வந்து ஏசிவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் கிழமை புது மாதிரி. லைற் எழும்பவில்லை, புகையும் எங்கேயும் போகவில்லை. ஓட்டையே இல்லை. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி வந்தபோது, குழாய் மூன்றாகப் பிரிகிற மூட்டுக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கம்பியால் இழுத்தேன். பஞ்சுத் திரி. சுவாமி விளக்குக்கு அக்கா திரிக்கிற அதே மாதிரித் திரி, இறுக்கி உருட்டி, ஆழத்தில் அடைத்திருந்தது.

நிமிர்ந்தேன். குசினி வாசலில் அக்கா தேத்தண்ணீரோடு நின்றார். திரி என் கையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தேத்தண்ணி ஆறுது தம்பி" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "அக்கா, விக்க விருப்பமில்லையெண்டால் அண்ணையிட்டை ஒரு சொல் சொல்லுங்கோவன்" என்றேன்.

"ஆர் சொன்னது விருப்பமில்லை எண்டு? நான் ஓம் எண்டு சொல்லிட்டன் தானே. அண்ணை கேட்டு நான் மறுத்ததில்லை."

"அப்ப இது என்ன?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு கோழிகளைப் பார்க்கப் போய்விட்டார். தேத்தண்ணீரை நான் குடிக்கவில்லை.

அந்தத் திரியைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு, "என்னாலை ஏலாது அண்ணை" என்று கனடாவுக்குச் சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம் போதும். யோசிக்காமல் இல்லை, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். ஆனால் அடுத்த நாள் அந்த அண்ணையே ரெலிபோன் எடுத்தார்.

"தம்பி, உமக்கு ஏலாட்டிச் சொல்லும். அதிலை வெக்கமில்லை. யாழ்ப்பாணத்திலை ஒரு பெடியன் இருக்கிறானாம், உதுகளெல்லாம் அவனுக்குத் தண்ணிபட்ட பாடாம். அவனை அனுப்பிறன்."

அதில் வெட்கமில்லையாம். என் காது சுட்டது. தேத்தண்ணீர்க் கடையில் மூன்று கிழமையாகச் சிரிக்கிறார்கள், இப்போது யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவன் வந்து ஒரே நாளில் எழுப்பிவிட்டுப் போவான். பிறகு நான் ஊர்காவற்றுறையில் யாருடைய என்ஜினில் கை வைக்கிறது?

"ஆரும் தேவையில்லை. அந்த ஆள் வாற நாளிலை எழும்பும்" என்று சொன்னேன்.

எழும்பப் பண்ணினேன். கொழும்புக்காரர் வரும் நாள் விடிய ஆறு மணிக்கே கரம்பொனில் நின்றேன். ரப்பர்க் குழாய்களில் ஊசி போகும் இடங்களையெல்லாம் அகற்றிவிட்டுச் செப்புக் குழாய் போட்டேன். மூட்டுகளை ஈயம் வைத்து ஒட்டினேன். அடைப்பாணிக்கு மேல் கம்பி சுற்றி முறுக்கினேன். எல்லாவற்றையும் அக்காவுக்கு முன்னால்தான் செய்தேன். அவர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு வேலை முடிந்தது. நான் போகவில்லை. முற்றத்தில் இன்னொரு கதிரையைப் போட்டுக் காருக்கு முன்னால் காவல் இருந்தேன். மத்தியானம் அக்கா எனக்குச் சோறு போட்டார். முருங்கைக்காய்க் குழம்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும். இலையில் இரண்டாம் முறையும் போட்டார். தனக்கெதிராகக் காவலுக்கு இருக்கிறவனுக்கே சோறு போட்டவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

மூன்று மணிக்குக் கொழும்புக்காரர் வந்தார். தாழ்மையான மனிதர், செருப்பைப் படலையடியில் கழற்றிவிட்டு வந்தார். நான் என்ஜினை ஓடவிட்டேன்.

"இப்ப பாருங்கோ" என்று சுவிச்சை இழுத்தேன்.

இரண்டும் ஒன்றாக, ஒரே வேகத்தில் எழும்பி நின்றன. என்ஜினை நிறுத்தினேன். நின்றபடியே நின்றன. பத்து நிமிடம் பார்த்தோம். இமைகூடத் தாழவில்லை. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

"அப்ப எடுத்துக்கொண்டு போகட்டோ அம்மா?" என்று அவர் கேட்டார்.

"ஓம், கொண்டு போங்கோ" என்றார் அக்கா. உள்ளே போய்ச் சாவியோடு ஒரு புத்தகத்தையும் கொண்டுவந்தார். காரோடு இங்கிலாந்திலிருந்து வந்த புத்தகம், பழுப்புக் கடதாசியில் உறை போட்டிருந்தது. அப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கொழும்புக்காரர் புரட்டியபோது எட்டிப் பார்த்தேன். லைற்றுகளின் குழாய்கள் வரைந்திருந்த பக்கத்தில், ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டிருந்தது. நான் தடவித் தடவிக் கற்றுக்கொண்ட எல்லாம் அக்காவுக்கு முதலே பாடம்.

கார் போயிற்று. கொழும்புக்காரர் இருபதில் ஓட்டவில்லை. வேலணைப் பக்கம் திரும்பிய சத்தம் சீக்கிரமே தேய்ந்துவிட்டது.

அக்கா கோப்பைகளை எடுத்து அடுக்கினார். "நல்ல வேலை தம்பி. ரெண்டும் ஒண்டாய் எழும்பிச்சுது."

அவர் ஏசியிருந்தால் நான் பேசாமல் போயிருப்பேன். இதைக் கேட்டுத்தான் எனக்குத் தாங்கவில்லை. "நீங்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பன் அக்கா. ஒரே ஒரு சொல்."

"திரியைக் கையிலை வைச்சுக்கொண்டு என்னைப் பாத்தனீர். உமக்கு விளங்கினது எனக்குத் தெரியும். அதுக்கு மேலை நான் என்னத்தைச் சொல்ல?"

"சனம் சிரிச்சுது அக்கா. கடையிலை இருக்கேலாமல் போச்சு. எனக்கெண்டு ஒரு பேர் இருக்குதெல்லே?"

அவர் கோப்பைகளைக் கதிரையில் வைத்துவிட்டு, கார் நின்ற இடத்தைப் பார்த்தார். எண்ணெய் சொட்டிய கறுப்புத்தான் அங்கே இருந்தது.

"உமக்கு ஒரு நாளைக்கு வேலை தெரியாமல் இருந்திருக்கலாம், தம்பி" என்றார்.

நான் குந்தியிருந்து ஸ்பானர்களைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டேன். வேலணையிலிருந்து திரும்பி வரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அக்கா கேட்டார். ஆறு மணிக்கு என்றேன்.